படம் ஏன் துள்ளியது?

விருதுநகரிலிருந்து சிவகாசிக்குச் செல்லும் சாலையை ஒட்டிய பங்குகளில் நவம்பர் மாதத்திற்கு ஒரு தனித்தன்மை உண்டு. தீபாவளி முடிந்ததும் பட்டாசு ஆலைகள் சில வாரங்கள் அடைத்துக் கிடக்கும். ஆண்டு முழுவதும் விடியுமுன் வேன் ஏறி வேலைக்குச் சென்ற மக்கள் அப்போதுதான் வீட்டில் இருப்பர். அந்த ஓய்வு நாட்களின் தொடக்கத்திலேயே மரித்த விசுவாசிகளின் நினைவு நாளும் வந்துவிடுகிறது. 2024 ஆம் ஆண்டில் தீபாவளி அக்டோபர் 31 அன்றும், கல்லறைத் திருநாள் நவம்பர் 2 அன்றும் வந்தன. எனவே கல்லறைத் தோட்டத்தில் வழக்கத்தினும் மிகுதியான கூட்டம் இருக்கும் என எதிர்பார்த்திருந்தோம்.

அந்த ஆண்டில் இறந்தோரின் பெயர்களைத் திருப்பலியில் வாசிப்பது நமது பங்கின் வழக்கம். அக்டோபர் நடுவில் இளைஞர்கள் சிலர் பங்கு இல்லத்திற்கு வந்தனர். "சாமி, இந்த வருஷம் பேரை மட்டும் வாசிக்காம, அவங்க படத்தையும் காட்டுவோம். வீட்டுக்கு வீடு போட்டோவும் வீடியோவும் வாங்கிட்டு வந்து நாங்களே சேர்த்துக் கொடுக்கிறோம்" என்றனர். நல்ல எண்ணம், இசைந்தோம். மொத்தம் பதினொரு குடும்பங்கள். தொகுக்கும் பொறுப்பைச் சிவகாசியில் ஆப்செட் அச்சகம் ஒன்றில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் ஏற்றார். காலண்டர் அச்சடிக்கும் பருவம் ஆதலால் அவருக்குப் பகலில் ஓய்வில்லை. இரவு எட்டு மணிக்கு மேல் பங்கு அலுவலகக் கணினியின்முன் வந்து அமர்வார்.

பத்துக் குடும்பங்களின் படங்கள் எளிதில் வந்து சேர்ந்தன. பதினோராவதாக வந்த அம்மா ஒரு பழைய கைப்பேசியைச் சேலைத் தலைப்பில் முடிந்து கொண்டுவந்தார். அவருடைய கணவர் பட்டாசு ஆலைத் தொழிலாளி. அந்தக் கோடையில் வேலையிடத்தில் நிகழ்ந்த விபத்தில் இறந்தவர். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நிகழ்ந்ததைப் போன்ற பெரும் விபத்துகளை நாடு முழுவதும் அறியும். ஒருவர் இருவராக மாய்பவர்களை அந்தந்தத் தெரு மட்டுமே அறியும். நாம் அடக்கம் செய்தவர்களுள் அவரும் ஒருவர்.

"இதிலே அவரு படம் இல்லை சாமி. எடுத்ததுதான் அவரு. பாப்பா புதுநன்மை வாங்கினப்ப எடுத்தாரு. அவரு பேசுறது கேக்கும். அவரு குரல் வேற எதுலயும் இல்லை" என்றார் அந்த அம்மா.

2019 ஆம் ஆண்டு மே மாதம் எடுத்த படம். மூன்று நிமிடமும் சில நொடிகளும். கைப்பேசியின் கண்ணாடி கீறியிருந்தது. முதுகுப்புறம் சற்றே உப்பியிருந்தது. உள்ளிருக்கும் பேட்டரி பழுதாகி வீங்குவதன் அடையாளம் அது. வீங்கிய பேட்டரியை மின்னேற்றுவது தீ விபத்துக்கு இடமளிக்கும் என்பதைக் கந்தக மண்ணில் வாழும் நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. மீதமிருந்த மின்சக்தியைக் கொண்டே, வயர் மூலம் படத்தைக் கணினிக்கு மாற்றிவிட்டுக் கைப்பேசியை அணைத்து வைத்தோம். வாட்ஸ்அப் வழியாக அனுப்பியிருந்தால் எளிதாயிருக்கும். ஆனால் அது அனுப்பும் வேளையில் வீடியோவைச் சுருக்கிவிடும், தெளிவு குறைந்துவிடும். இருப்பது ஒரே படம். அதனை மூலத்தின் தரத்திலேயே காப்பது நலம்.

அக்டோபர் 29 இரவு தொகுப்பு ஓரளவு முடிந்தது. அப்போதுதான் இடர் தலைகாட்டிற்று. தொகுத்த படத்தை ஓட்டிப் பார்த்தால் சீராக ஓடவில்லை. நடப்பவர் கால் பாதியில் நின்று, பின் ஒரே எட்டில் முன்னே தாவுகிறது. குருவானவர் நற்கருணையை உயர்த்தும் கை, படிப்படியாக வெட்டி வெட்டி எழுகிறது. அம்மாவின் படத்திலோ குரல் முன்னே செல்ல, வாயசைவு பின்னே வந்தது.

"படம் துள்ளுது சாமி" என்றார் தம்பி.

வாசகர்களே, இனி நிகழ்ந்த தவற்றுக்கு நாமே பொறுப்பு. அந்தத் தொகுப்பு மென்பொருள் இரண்டு ஆண்டுகளுக்கு முந்தியது; புதிய பதிப்பு வந்திருப்பதாகத் திரையின் ஓரத்தில் அறிவிப்பு ஒன்று பல நாட்களாக நின்றது. நாம் அதைச் சுட்டிக்காட்டி, "பழையதாயிருப்பதால்தான் துள்ளுகிறது, புதுப்பித்துவிடு, சரியாகிவிடும்" என்றோம். தம்பி தயங்கினார். "வேலை பாதியிலே இருக்கே சாமி" என்றார். நாம் வற்புறுத்தினோம். மறுநாள் இரவு, ஊரெல்லாம் வெடி முழங்கிக்கொண்டிருந்தபோது, தொகுப்பு மென்பொருளைப் புதுப்பித்தார். அதனோடு நில்லாது, திரைப்படக் காட்சியைக் கணினியில் கையாளும் கிராபிக்ஸ் அட்டைக்கான டிரைவரையும், விண்டோசின் நிலுவையிலிருந்த புதுப்பிப்புகளையும் சேர்த்தே ஏற்றினார். கணினி இருமுறை அணைந்து எழுந்தபோது நள்ளிரவு கடந்திருந்தது.

பழைய தொகுப்பைத் திறந்தோம். "இது முந்தைய பதிப்பில் உருவானது, புதிய வடிவுக்கு மாற்றவா?" என்று மென்பொருள் கேட்டது. ஆம் என்றோம். மாற்றியது. ஆயினும் இறந்தோர் பெயர்களைத் தமிழில் எழுதியிருந்த தலைப்புகள் இடம் மாறிக் கிடந்தன. காட்சிக்குக் காட்சி செய்திருந்த சில ஒளிச் சீரமைப்புகளைக் காணவில்லை. படமோ முன்னைவிட மிகுதியாகத் துள்ளியது. பழைய பதிப்புக்கே திரும்பிவிடலாம் என்றால், புதிய வடிவுக்கு மாறிய தொகுப்பைப் பழைய பதிப்பு திறக்க மறுத்தது. தொகுப்பு மென்பொருள்கள் பலவற்றின் இயல்பு இது: புதியது பழையதை வாசிக்கும், பழையது புதியதை வாசிக்காது. ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டு மாற்றியிருக்க வேண்டும். எடுக்கவில்லை. ஐந்து இரவுகளின் உழைப்பு வீணாயிற்றோ என்று தம்பி தலையில் கைவைத்து அமர்ந்தார். அவர் நம்மை ஒரு சொல்லும் குறை கூறவில்லை. அது நம்மை அதிகமாக வருத்தியது.

குருமடத்தில் தருக்கம் பயின்ற நாட்களில், ஒன்றன்பின் ஒன்று நிகழ்ந்தமையால் முந்தியதே பிந்தியதற்குக் காரணம் என்று கொள்ளும் பிழையைப் பற்றி விரிவாகக் கற்றோம். மென்பொருள் பழையது, படம் துள்ளுகிறது, ஆகவே பழமையே துள்ளலுக்குக் காரணம் என்ற நமது முடிவில் எந்த ஆராய்ச்சியும் இல்லை. மூன்று பொருட்களை ஒரே இரவில் மாற்றியதால், இப்போது எது எதைக் கெடுத்தது என்று அறியவும் வழியில்லாது செய்துகொண்டோம்.

தீபாவளியன்று காலை தம்பி மீண்டும் வந்தார். தொகுப்பு மென்பொருள்கள் சில நிமிடங்களுக்கு ஒருமுறை தாமாகவே ஒரு நகலை வேறொரு கோப்புறையில் சேமித்து வைப்பதுண்டு. அதைத் தேடினார். அக்டோபர் 29 இரவு 11 மணி அளவில் சேமிக்கப்பட்ட நகல் ஒன்று கிடைத்தது. பழைய பதிப்பின் நிறுவு கோப்பும் அழிக்கப்படாமல் கணினியிலேயே இருந்தது. புதியதை நீக்கி, பழையதை நிறுவி, அந்த நகலைத் திறந்தோம். தலைப்புகள் இடத்தில் நின்றன. ஒளிச் சீரமைப்புகள் திரும்பின. துள்ளலும் பழையபடியே இருந்தது. இவ்வாறு ஓர் இரவைச் செலவிட்டு, புறப்பட்ட இடத்திற்கே வந்து சேர்ந்தோம்.

அப்போது நமக்கு இளமைக்கால நினைவு ஒன்று எழுந்தது. 1970களின் பிற்பகுதியில், நாம் சிறுவராயிருந்தபோது, எமது ஊர்ப் பங்குத்தந்தை 16 மில்லிமீட்டர் புரொஜெக்டர் ஒன்றைக் கொணர்ந்து, கோயில் முற்றத்தில் வெள்ளை வேட்டியை இழுத்துக் கட்டிப் படம் காட்டுவார். அதில் பிலிம் வழுக்கிக்கொண்டே ஓடுவதில்லை. நகம் போன்ற சிறு உறுப்பு ஒன்று பிலிமின் துளையில் மாட்டி, ஒரு படத்தை இழுத்து விளக்கின்முன் நிறுத்தும்; அடுத்த கணம் மற்றொன்றை இழுக்கும். நொடிக்கு 24 முறை இது நிகழும். ஆனால் மேலும் கீழும் உள்ள பற்சக்கரங்கள் நில்லாமல் சுழலும். நின்று செல்வதும் நில்லாமல் செல்வதும் ஒத்துப்போவதற்காக, இரண்டுக்கும் இடையே பிலிமைச் சற்றுத் தளர்வாக வளைத்து விட்டிருப்பர். அந்த வளைவு இழுபட்டுப் போய்விட்டால் திரையில் படம் குதிக்கும்.

படம் குதித்தால் பங்குத்தந்தை உடனே எதையும் தொடமாட்டார். சிறிது பின்னே ஓட்டி மீண்டும் காட்டுவார். அதே இடத்தில் குதித்தால் பிலிமின் துளை கிழிந்திருக்கிறது. பிலிமைச் செப்பனிட வேண்டும். எங்கெங்கோ குதித்தால் இயந்திரத்தில் குறை. வளைவைத் திருத்த வேண்டும். சிறுவரான எங்களுக்கு இதனைச் சொல்லிக்கொண்டே செய்வார். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் அந்தச் சோதனை நமக்குக் கைகொடுத்தது.

தம்பியிடம் கேட்டோம்: "ஒவ்வொரு முறையும் அதே இடத்தில்தான் துள்ளுகிறதா?"

அவர் முகம் மலர்ந்தது. "எங்க பிரஸ்ஸிலேயும் அப்படித்தான் சாமி பார்ப்போம். நாலு கலர்ல ஒரு கலர் விலகினா, எல்லாத் தாளிலேயும் ஒரே மாதிரி விலகியிருக்கா, தாளுக்குத் தாள் மாறுதான்னு முதல்ல பார்ப்போம். ஒரே மாதிரின்னா பிளேட்டைப் பார்க்கணும். மாறுச்சுன்னா மிஷினைப் பார்க்கணும்" என்றார். அறிந்த தொழிலில் அவர் ஒருபோதும் செய்யாத பிழையை, அறியாத தொழிலில் நமது சொல்லைக் கேட்டுச் செய்துவிட்டார்.

ஒரு தாளை எடுத்தோம். பதினொரு குடும்பங்களின் காட்சிகளையும் வரிசையாக எழுதினோம். ஒவ்வொன்றையும் மூன்று முறை ஓட்டி, துள்ளிய நொடியைக் குறித்தோம். தொகுப்பிலிருந்து வெளியே எடுத்து, மூலப் படத்தைத் தனியாகவும் ஓட்டிப் பார்த்தோம். ஒரு மணி நேரத்தில் உண்மை தெளிவாயிற்று. துள்ளல் என்று நாம் ஒரே பெயரால் அழைத்தது மூன்று வெவ்வேறு குறைகள்.

முதலாவது, இடம் மாறி மாறித் தோன்றிய துள்ளல். இது கணினியைச் சார்ந்தது. கைப்பேசி வீடியோக்கள் எச்.264, எச்.265 போன்ற முறைகளில் சுருக்கிப் பதியப்படுகின்றன. பங்கின் இருப்புக் கணக்கைக்கொண்டு இதை விளக்கலாம். மாதத்தின் முதல் நாள் எல்லாப் பொருட்களையும் முழுமையாக எழுதிவிடுகிறோம். மற்ற நாட்களில் கூடியதையும் குறைந்ததையும் மட்டுமே குறிக்கிறோம். இருபதாம் நாளின் இருப்பு என்ன என்று எவரேனும் கேட்டால், முதல் நாளிலிருந்து கூட்டிக் கழித்தே கூற முடியும். அதுபோல வீடியோவிலும் அவ்வப்போது ஒரு முழுப்படமும், இடையில் மாற்றங்களும் மட்டுமே பதியப்படுகின்றன. தொகுக்கும்போது நடுவில் ஓர் இடத்தைத் தொட்டால், கணினி முந்தைய முழுப்படத்திற்குச் சென்று அங்கிருந்து கணக்கிட்டு வர வேண்டும். எளிய கணினி திணறும். நமது கணினியோ ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளுக்காக வாங்கியது. அன்றியும் படங்கள் எல்லாம் வெளியே செருகிய பென் டிரைவிலேயே இருந்தன. மெதுவான அந்த வழியாகவே ஒவ்வொரு காட்சியும் வந்துகொண்டிருந்தது.

இரண்டாவது, அதே இடத்தில் தவறாமல் தோன்றிய துள்ளல். இது படத்தைச் சார்ந்தது. மூன்று படங்களில் மட்டும் இருந்தது. மூன்றும் மாலையிலோ, கோயிலுக்குள்ளோ, மங்கிய ஒளியில் எடுக்கப்பட்டவை. கைப்பேசி பொதுவாக நொடிக்கு 30 படங்கள் பதியும். ஒளி குறைந்தால், ஒவ்வொரு படத்திற்கும் அதிக ஒளியைச் சேர்க்க நேரம் எடுத்துக்கொண்டு எண்ணிக்கையைக் குறைத்துவிடும். ஒளி வந்ததும் மீண்டும் கூட்டும். தனியாக ஓட்டும்போது இது பெரும்பாலும் தெரிவதில்லை. தொகுப்பு மென்பொருளோ படங்கள் சம இடைவெளியில் வருவதாகவே பெரும்பாலும் எண்ணிக்கொள்கிறது. ஆகவே அசைவு தடுமாறுகிறது. குரலும் வாயசைவும் பிரிகின்றன.

இந்தக் குறை புதிதன்று. 1905 இல் திருச்சியில் ரயில்வே ஊழியராயிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், து பாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியையும் இயேசுவின் வாழ்வைக் காட்டும் மௌனப்படத்தையும் வாங்கி, ஊர் ஊராகச் சென்று காட்டினார். பின்னர் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் திரையரங்கை நிறுவியவர் அவர். அந்த மௌனப்பட நாட்களில் படம் எடுப்பவர் கைப்பிடியைச் சுழற்றியே எடுத்தார். நொடிக்கு ஏறத்தாழ 16 படங்கள் என்பது பொது வழக்கெனினும் கை விரைந்தால் கூடும், களைத்தால் குறையும். பிற்காலத்தில் 24 என்ற நிலையான வேகத்தில் அவற்றை ஓட்டியபோது மனிதர்கள் பொம்மைபோல் விரைந்து துள்ளினர். கைப்பிடி இன்று இல்லை. ஆயினும் சீரற்ற வேகம் கைப்பேசிக்குள் மறைந்து நிற்கிறது.

மூன்றாவது, நாம் செய்த தேர்வால் விளைந்தது. தொகுப்பைத் தொடங்கும்போது நொடிக்கு எத்தனை படங்கள் என்று மென்பொருள் கேட்டது. நமது நாட்டுத் தொலைக்காட்சி முறை 25 என்று எங்கோ கேட்டிருந்ததால் 25 எனக் குறித்திருந்தோம். நமது மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைவதை ஒட்டி அமைந்த கணக்கு அது. ஆனால் கையில் இருந்த வீடியோக்களோ 30. முப்பதை இருபத்தைந்தில் அடைக்க, மென்பொருள் ஆறுக்கு ஒன்றாகப் படங்களைக் கைவிட்டது. நிற்பவரைக் காட்டும்போது இது தெரியாது. பவனி நகரும்போது தெரியும்.

காரணம் தெரிந்தபின் மருந்து கடினமாயில்லை. ஒவ்வொன்றாகச் செய்தோம், ஒன்றைச் செய்து ஓட்டிப் பார்த்த பின்னரே அடுத்ததைத் தொட்டோம். முதலில் படங்கள் அனைத்தையும் பென் டிரைவிலிருந்து கணினியின் உள் வட்டுக்கு மாற்றினோம். பாதித் துள்ளல் அதிலேயே அடங்கிற்று. அடுத்து, கணினியைத் திறந்து, விசிறியில் படிந்த தூசியைத் தூரிகையால் அகற்றினோம். சூடேறிய கணினி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பின்னர் ஒவ்வொரு வீடியோவுக்கும் பிராக்சி எனப்படும் சிறிய நகலை மென்பொருளைக் கொண்டே உருவாக்கினோம். தொகுக்கும்போது கணினி அந்தச் சிறு நகலைக் காட்டும். முடிவில் வெளியிடும்போது மூலத்தையே எடுத்துக்கொள்ளும். எனவே தரம் குறைவதில்லை.

மங்கிய ஒளியில் எடுத்த மூன்று படங்களையும் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் இட்டு, நொடிக்கு 30 என்ற நிலையான வேகத்திற்கு மாற்றினோம். மூலங்கள் தொடப்படாமல் தனியே இருந்தன. இறுதியாக, 30 எனக் குறித்துப் புதிய டைம்லைன் ஒன்றைத் தொடங்கி, காட்சிகளை அதில் வரிசைப்படுத்தினோம். தீபாவளி இரவு பத்து மணிக்குப் படம் ஆற்றொழுக்காக ஓடிற்று. குரலும் வாயும் இணைந்தன. அந்தத் தந்தையின் குரல், "பாப்பா, இங்கே பாரு, அப்பாவைப் பாரு" என்று தெளிவாக ஒலித்தது.

இவ்வளவில் நின்றிருக்கலாம். தம்பிக்கு இன்னும் ஓர் ஆசை. அம்மாவின் படம் முழுவதும் மெல்ல அசைந்துகொண்டே இருந்தது. இது வேகத்தால் வந்த துள்ளலன்று; எடுத்தவர் கையின் நடுக்கம். பல ஆண்டுகளுக்கு முன் நேர்ந்த தீக்காயத்தால் அவருடைய வலக்கை விரல்கள் இரண்டு மடங்காமல் இருந்ததை நாமும் அறிவோம். மென்பொருளில் இந்த அசைவை அகற்றும் கருவி இருந்தது. ஒவ்வொரு படத்தையும் சிறிது நகர்த்தி, முன்னதோடு பொருத்தி, அசைவைச் சமன்செய்யும். நகர்த்துவதால் ஓரங்களில் விளையும் வெற்றிடம் தெரியாதிருக்கப் படத்தைச் சற்றே பெரிதாக்கி, விளிம்புகளை வெட்டிவிடும். தம்பி அதைப் பயன்படுத்தினார். தாங்கியில் வைத்து எடுத்ததுபோல் படம் அசையாது நின்றது. நாமும் பாராட்டினோம்.

நவம்பர் 1, சகல புனிதர் திருநாள். மாலைத் திருப்பலி முடிந்து அந்த அம்மாவையும் மகளையும் அலுவலகத்திற்கு அழைத்துக் காட்டினோம். பேசாமல் பார்த்தனர். முடிந்ததும் மீண்டும் போடச் சொன்னார். மீண்டும் பார்த்தார். பின்பு மெதுவாகக் கேட்டார்: "விரல் எங்கே சாமி?"

நமக்கு விளங்கவில்லை. தம்பி மூலப் படத்தைத் திறந்தார். இரண்டாவது நிமிடத்திற்குப் பின், படத்தின் வலப்புற விளிம்பில், மங்கிய ஒரு நிழல்போல எதுவோ அவ்வப்போது வந்து போயிற்று. கைப்பேசியைப் பற்றியிருந்தவரின் மடங்காத விரல் அது. லென்சின் ஓரத்தை மறைத்திருக்கிறது. நாம் பத்து முறை பார்த்தும் குறை என்றே கருதி, பொருட்படுத்தாமல் விட்டோம். அசைவை அகற்றும் கருவி விளிம்போடு சேர்த்து அதை வெட்டி எறிந்துவிட்டது.

"அதுதான் சாமி அவரு. இந்தப் படத்துல அது ஒண்ணுதான் அவரு" என்றார்.

தம்பி எதுவும் சொல்லாமல் கருவியை நீக்கினார். ஒரு சொடுக்கில் நடுக்கம் திரும்பிற்று, விரலும் திரும்பிற்று. பத்து வயதைத் தாண்டிய அந்தச் சிறுமி திரைக்கு அருகில் சென்று, விளிம்பில் அது வரும் இடத்தைக் காட்டித் தன் தாயிடம், "இங்கே" என்றாள்.

நவம்பர் 2 மாலை மழை தூறியது. கல்லறைத் தோட்டத்தில் மெழுகுவர்த்திகள் நிற்காததால் மக்கள் பங்கு மண்டபத்திற்கே வந்துவிட்டனர். பதினொரு பெயர்கள், பதினொரு முகங்கள். அவற்றுள் ஒன்று முகமில்லாத குரல். படம் எங்கும் துள்ளவில்லை. ஓரிடத்தில் மட்டும் நடுங்கியது. அது ஏன் என்று நாம் எவருக்கும் விளக்கவில்லை. அவருடன் வேலை செய்தவர்கள் பின்வரிசையில் இருந்தனர். அவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை என்பதைக் கண்டோம்.

மென்பொருளைப் புதுப்பிப்பதே தவறு என்று வாசகர்கள் கருதிவிட வேண்டாம். டிசம்பர் முதல் வாரத்தில், கையில் எந்த வேலையும் நிலுவையில் இல்லாத ஒரு நாளில், தம்பி மீண்டும் புதுப்பித்தார். இம்முறை தொகுப்புகளை எல்லாம் வேறொரு வட்டில் நகலெடுத்தார். புதிய பதிப்பில் என்ன மாறியிருக்கிறது என்ற குறிப்பை வாசித்தார். மென்பொருளை மட்டும் முதலில் ஏற்றி, ஒரு பழைய தொகுப்பின் நகலைத் திறந்து சோதித்தார். ஒரு வாரம் கழித்தே டிரைவரைப் புதுப்பித்தார். புதிய பதிப்பு இன்று நன்றாகவே வேலை செய்கிறது; கைப்பேசிப் படங்களைப் பழையதைவிட இலகுவாகவும் கையாளுகிறது. மருந்து நல்லது, அதைக் கொடுத்த வேளையே தவறு.

பட்டாசு ஆலைகளில் மருந்துக் கலவையைச் சிறு சிறு அளவாகவும், தனி அறையிலும், அவசரமின்றியும் செய்ய வேண்டும் என்ற விதி உண்டு. அந்த விதிகள் மீறப்படும்போது என்ன நேரும் என்பதை நமது கல்லறைத் தோட்டம் அறியும். கணினியின்முன் அவசரப்பட்டால் உயிர் போவதில்லை என்பது உண்மையே. ஆயினும் ஒரு வீட்டில் எஞ்சியிருந்த ஒரே குரலை இழந்திருப்போம் என்பதை நினைக்கும்போது நமக்கு இன்றும் அச்சமாயிருக்கிறது.

அந்த நவம்பர் முதல், ஞாயிறு இரண்டாம் திருப்பலிக்குப் பின் ஒரு மணி நேரம், தம்பியும் நண்பர்களும் பங்கு அலுவலகத்தில் அமர்கின்றனர். மக்கள் பழைய கைப்பேசிகளைக் கொண்டுவருகின்றனர். வீடியோக்களை மூலத் தரத்திலேயே எடுத்து, குடும்பத்துக்கு ஒரு நகலும், பாதுகாப்புக்கு மற்றொரு நகலுமாகச் செய்து கொடுக்கின்றனர். திருத்தம் ஏதும் செய்யுமுன், "இதில் எதை மாற்றக் கூடாது?" என்று ஒரு கேள்வி கேட்கின்றனர். அந்தக் கேள்வியை அவர்களாகவே சேர்த்துக்கொண்டனர்.

வாசகர்களின் இல்லங்களிலும் அலமாரியின் அடியில் பழைய கைப்பேசி ஒன்று கிடக்கலாம். இந்த வாரமே எடுத்துப் பாருங்கள். உப்பியிருந்தால் மின்னேற்றாமல், பழுது பார்க்கும் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். நன்றாயிருந்தால் வயர் மூலம் நகலெடுத்து, இரண்டு இடங்களில் வையுங்கள். அதில் படம் நடுங்கினால், அதை எடுத்தவர் யார் என்று முதலில் வீட்டாரைக் கேளுங்கள்.